பாட்டுக்கு நீதி கேட்ட அவைகள்

சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, பகைவன் விடுத்த ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. அவ்வேளையில் கோவூர்கிழார் அரசன் முன் நின்று வழக்குரைத்தார். பரிசில் பெற்று வாழ்வோர் பறவைபோல் நெடுவழி கடந்து செல்பவர். பெற்றதைச் சுற்றத்தாருக்கு ஊட்டிப் பிறர்க்கும் வழங்குபவர். கல்வியால் மாற்றாரை நாணச் செய்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு நினையாதவர் என்று அவர் எடுத்துரைத்தார். அந்நூலின் 47ஆம் பாட்டாக நிற்பது அவ்வழக்குரையே.

இச்செய்தியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஆட்சியாளர் பாடுவோனை ஐயுறுவது பழைய வழக்கம் என்பது ஒன்று. பாடுவோனுக்காகப் பேச ஓர் அவையும், அவ்வவையிற் பேச ஒரு நாவும் இருந்தன என்பது மற்றொன்று. பிற்கால வரலாற்றில் பாட்டு எங்கே தடுக்கப்பட்டது என்பதை மட்டும் நோக்கினாற் போதாது. தடுக்கப்பட்டபோது அதற்காக எந்த அவையில் யார் பேசினார் என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால், அவையே இல்லாதிருந்த எமது தோட்டப்புறங்களின் நிலை தெளிவாகும்.

முதலில் சென்னை மாநகரைக் காண்போம். 1927ஆம் ஆண்டு டிசெம்பரில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சென்னைச் சங்கீத வித்துவ சபை தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த மாதத்திலேயே, அதே நகரில், சுப்பிரமணிய பாரதியாரின் தேசிய கீதங்கள் அடங்கிய நூல்களைப் பறிமுதல் செய்யுமாறு மாகாண அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. பர்மா அரசாங்கம் முன்னர் விதித்த தடையைப் பின்பற்றியே இவ்வாணை எழுந்தது. பாரதியார் 1921ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அப்பாடல்களிற் பலவோ 1908ஆம் ஆண்டு முதல் அச்சில் உலவியவை. இருபது ஆண்டுகளாக மக்கள் நாவில் வழங்கிய பாட்டு, பாடியவர் மறைந்து ஏழாண்டுகள் சென்றபின் திடீரெனக் குற்றமாயிற்று.

ஒக்டோபர் மாதத்தில் இவ்விடயம் சென்னைச் சட்டசபைக்கு வந்தது. ஒத்திவைப்புப் பிரேரணையைக் கொண்டுவந்து வாதாடியவர் எஸ். சத்தியமூர்த்தி. அவரை அரசியல்வாதியென்று மட்டும் அறிந்தோர் பலர். அவர் சுகுண விலாச சபையின் நாடக மேடையில் நடித்தவர். இசையில் ஈடுபாடு மிக்கவர். நாடகக் கலைஞரைத் தேசிய இயக்கத்துள் அழைத்து வந்தவர். ஆதலால் பாட்டு ஒரு மனிதனின் உள்ளத்தில் எவ்வாறு குடிகொள்ளும் என்பதைச் சட்டநூல் வாயிலாக மட்டுமன்றி, மேடை அனுபவத்தாலும் அவர் அறிந்திருந்தார். பாரதி பாடல்கள் அச்சுத்தாளில் அன்று, தமிழரின் நாவில் வாழ்கின்றன. நூல்களை அள்ளிச் செல்லலாம், நினைவை அள்ளிச் செல்லல் இயலாது என்பதே அவர் வாதத்தின் சாரம். பிரேரணை பெருவாரியான வாக்குகளால் நிறைவேறியது.

எனினும் அவ்வாக்கின் வலிமை எத்துணையது என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். அக்காலத்தில் சென்னையில் நடந்தது இரட்டையாட்சி. கல்வி, சுகாதாரம் முதலியவை மந்திரிமாரிடம் விடப்பட்டன. சட்டமும் ஒழுங்கும் கவர்னரின் நிருவாக சபையினரிடமே நின்றன. ஆதலால் சட்டசபையின் தீர்மானம் அரசாங்கத்தைக் கண்டித்ததேயன்றி ஆணையைத் தானே நீக்கவல்லதாக இருக்கவில்லை. அவ்வாறாயின் அவ்விவாதத்தால் விளைந்த பயன் யாது? தடைக்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் கட்டாயம் அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. பாட்டின் பக்கத்து நியாயமும் அரசாங்கத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டது. பின்னர் 1949ஆம் ஆண்டில் அதே சென்னை அரசாங்கம், சுதந்திரம் பெற்ற நாட்டின் அரசாங்கமாக நின்று, பாரதியாரின் படைப்புரிமையை வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்க முன்வந்தது. பறிமுதல் செய்த கைக்கும் பொதுவுடைமையாக்கிய கைக்கும் இடையில் இருந்த காலம் இருபத்தோராண்டே.

நூல்களுக்கு நேர்ந்தது இவ்வாறாக, மேடைப் பாடகருக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. வங்காள நாடகங்கள் சில ஆட்சியாளரை எள்ளியதன் விளைவாக 1876ஆம் ஆண்டில் இந்தியாவில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. தமிழ் மேடையில் அரசாங்கத்தின் கோபத்துக்குப் பன்முறை ஆளானவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். முருகனாக வேடம் புனைந்து, தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் பாவனையில் வெள்ளைக் கொக்கைப் பாடினால், அது எந்த வெள்ளையரைக் குறித்தது என்பதை அவையோரும் அறிவர், வாயிலில் நின்ற பொலிஸாரும் அறிவர். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இத்தகைய பாடல்களை யாத்தளித்தனர். பலமுறை சிறைசென்ற விசுவநாததாஸ் 1940ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் சென்னையில் மேடையிலேயே உயிர் நீத்தார். அவருக்குச் சட்டசபையில் ஆசனமில்லை. நீதிமன்றத்துக் குற்றவாளிக் கூண்டே அவருக்குக் கிட்டிய அவை.

இனி, மேலைநாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஒப்புநோக்குவோம். 1985ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், செல்வாக்குள்ள அரசியல்வாதிகளின் மனைவியர் சிலர் கூடி, இளைஞர் கேட்கும் ரொக் இசைப் பாடல்களில் ஆபாசமும் வன்முறையும் மலிந்துள்ளன என்று முறையிட்டனர். இசைத்தட்டுக்களின் உறைமீது எச்சரிக்கை பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவ்வாண்டு செப்டெம்பர் 19ஆம் நாள் செனற் சபைக் குழுவொன்றின் முன் மூன்று இசைவாணர் சாட்சியமளித்தனர். அவருள் ஒருவர் பிராங் சாப்பா என்பவர். மலையின் அழகைப் பாடிய தம் பாட்டு, போதைப்பொருளைப் புகழ்வதாகப் பிழைபட உணரப்பட்டு வானொலி நிலையங்கள் சிலவற்றால் விலக்கப்பட்ட வரலாற்றை மற்றொருவரான ஜோன் டென்வர் அங்கே எடுத்துரைத்தார்.

அடுத்த ஆண்டு மார்ச் 28ஆம் நாள் சாப்பா தொலைக்காட்சி விவாதமொன்றிலும் தோன்றினார். நீண்ட முடியும் விசித்திரக் கோலமும் உடைய இசைக்காரனை எதிர்பார்த்தோர்க்கு, கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்த, குரல் உயர்த்தாது பேசும் ஒருவர் காட்சியளித்தார். பாட்டிலுள்ளவை சொற்களே, சொற்களை அஞ்சி அரசாங்கத்தின் கையில் கத்தரிக்கோலை ஒப்படைத்தல் அச்சொற்களினும் பெருந்தீங்கு விளைக்கும், பிள்ளைகளை வளர்ப்பது பெற்றோர் கடன் என்று அவர் வாதாடினார். எதிர்த்தரப்பினர் சினந்து பேசிய இடங்களிலும் அவர் நிதானம் இழக்கவில்லை. ஈற்றில் அரசாங்கச் சட்டம் எதுவும் எழவில்லை. ஆயினும் இசைத்தட்டு நிறுவனத்தார் தாமாகவே எச்சரிக்கைச் சீட்டை ஏற்றனர். சில பெரிய கடைகள் அச்சீட்டு ஒட்டியவற்றை விற்க மறுத்தன. சட்டமின்றியும் தடை உண்டாகும் என்பதை இது காட்டுகிறது.

எதிர்த்தரப்பாரின் கவலை முழுதும் போலியானது என்று சொல்லுதல் நேர்மையாகாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எவரும் அக்கவலையை அறிவர். எப்பாட்டையும் எவ்வயதினர்க்கும் கற்பிக்க யாமும் ஒருப்படோம். ஆனால், இது பிள்ளைக்கு ஆகாது என்று பெற்றோரும் ஆசிரியரும் கூறுவது ஒன்று. இது எவர்க்கும் ஆகாது என்று அதிகாரம் கூறுவது வேறொன்று. முன்னதிலே, சொல்பவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். காரணம் கேட்டால் விடை கூறக் கடமைப்பட்டவர். பின்னதிலே காரணம் கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். செக்கோஸ்லவாக்கியாவில் அத்தகைய அவை இல்லாதிருந்தது. அங்கே சாப்பாவின் பாடலொன்றிலிருந்து தன் பெயரை அமைத்துக்கொண்ட இசைக்குழுவினர் 1976ஆம் ஆண்டில் சிறையிடப்பட்டனர். அநீதியைக் கண்டு ஒன்றுகூடிய எழுத்தாளரும் அறிஞரும் 1977ஆம் ஆண்டில் புகழ்பெற்ற உரிமை அறிக்கையை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான வாட்ஸ்லாவ் ஹாவெல் 1989ஆம் ஆண்டின் முடிவில் அந்நாட்டின் ஜனாதிபதியானார்.

நிற்க. இலங்கையில் பொது நிகழ்ச்சிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நகரத்து நாடகக் கொட்டகைக்கு அச்சட்டம் தேவைப்பட்டிருக்கலாம். சப்பிரகமுவைத் தோட்டங்களுக்கோ அதுதானும் தேவைப்படவில்லை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றை, புளத்கொஹுபிட்டி முதலிய இடங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் அக்காலத்தில் தனியார் நிலங்களாக இருந்தன. துரையின் அனுமதியின்றி உட்புகுந்தோர் அத்துமீறியவர் ஆயினர். எனவே ஒரு பாட்டைத் தடுக்க நூலைப் பறிமுதல் செய்யவோ வழக்குத் தொடரவோ வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து வாயிலை மூடினாற் போதுமாயிருந்தது. கோ. நடேசையர் புடைவை வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். இலங்கைவாழ் இந்தியர் நிலையைப் பற்றிய தம் பாடல்களை 1940ஆம் ஆண்டில் சிறுநூலாகவும் வெளியிட்டார். எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகையினும் பாட்டே விரைந்து சென்றடையும் என்பதை இத்தம்பதியர் உணர்ந்திருந்தனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற தமிழ்ப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்த பாரதியாரின் பாட்டு, இலங்கைத் தோட்டத்துப் பெண்களுக்கும் தம் கதையாகவே தோன்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தோட்டத்துக்குள்ளே பிறந்த பாட்டுக்களின் நிலை யாது? அதிகாலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பத் தப்பு அடிக்கப்பட்டது. அதே தப்புத்தான் மாசி மாதத்துக் காமன் கூத்திலும் முழங்கியது. முன்னது தோட்டத்தின் ஆணை. பின்னது மக்களின் குரல். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் எள்ளும் பாட்டுக்கள் லயங்களிலும் தேயிலை மலைகளிலும் எழுந்தன. அவற்றைத் தடைசெய்யும் ஆணை எதுவும் எழுத்தில் இல்லாமலே, பாடியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். பேர் வெட்டப்பட்டால் வேலையுடன் இருந்த காம்பிராவும் போய்விடும் என்ற அச்சமே அங்கே தணிக்கை அதிகாரியாக அமர்ந்திருந்தது. ஆணை இல்லாதபடியால் அதை எதிர்த்து வாதாடவும் வழியில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், இம்மக்களிற் பெரும்பாலோர்க்காகப் பாராளுமன்றத்திற் பேசும் குரலும் அற்றுப்போயிற்று.

இதன் விளைவை இன்று நாம் காண்கிறோம். தடைசெய்யப்பட்ட பாரதி பாடல்கள் அனைத்தும் எமது கையில் உள்ளன. தடை ஆணை, சட்டசபை விவாதம் ஆகியவையும் ஆவணங்களாக உள்ளன. தோட்டத்துப் பாட்டுக்களோ, சி. வி. வேலுப்பிள்ளை போன்ற சிலர் அரிதின் முயன்று தொகுத்தவை போக, பாடியவருடனேயே மறைந்தன. வெளிப்படையான தடைக்கு ஆளான பாட்டு வரலாற்றில் இடம்பெற்றது. அச்சத்தால் அடங்கிய பாட்டு வரலாற்றுக்கே எட்டவில்லை. ஆணையிட்டுத் தடுப்பதினும் வாய் திறவாமற் செய்வதே பெருங்கேடு என்று யாம் கொள்வது இதனாலேயாம்.

பழங்கதை இது என்று எவரும் கருதற்க. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் தமிழ்நாட்டிலே, மதுக்கடைகளைக் கண்டித்துப் பாடிய கோவன் என்னும் பாடகர் இராசத்துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்யப்பட்டார். திலகரைச் சிறையிட்ட அதே சட்டப் பிரிவே அவர்மீதும் பாய்ந்தது. ஆயினும் பத்திரிகைகள் பேசின, நீதிமன்றம் பிணை வழங்கியது, பாட்டு முன்னிலும் பரவியது.

எமது மாணவரிற் பலரின் பாட்டிமார் இறப்பர்ப் பால் வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் பாடிய பாட்டுக்களை, எள்ளலும் ஏசலும் உட்பட, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி வைத்தல் மாணவர் கடன். அழகற்றது என்றோ நாகரிகமற்றது என்றோ ஓரடியை நீக்குவோமாயின், துரையும் கங்காணியும் செய்த பணியை நாமே தொடர்பவராவோம். நூறாண்டுகளாக அவை கிட்டாத அப்பாட்டுக்களுக்குக் கல்லூரியின் நூல்நிலையத்தில் ஓரிடம் கிடைப்பினும், வழக்கு ஒருவாறு எடுத்துக்கொள்ளப்பட்டதாகும்.