திருநூலின் ஓரங்கள்

விவிலியம் வாங்கக் கடைக்குச் செல்லும்போது நாம் எவற்றை நோக்குகிறோம்? எழுத்து கண்ணுக்கு இதமாக உள்ளதா, அட்டை உறுதியானதா, விலை நம் கைக்கு எட்டுமா என்று பார்க்கிறோம். பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு வெற்றிடம் விடப்பட்டுள்ளது என்று அளந்து பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. வீட்டிற்கு வந்து, மறையுரையில் கேட்ட ஒரு நல்ல கருத்தையோ, தியானத்தில் உள்ளத்தைத் தொட்ட ஓர் எண்ணத்தையோ அந்த வசனத்திற்கு அருகிலேயே குறித்துக்கொள்ள விழையும்போதுதான் அங்கே இடமில்லை என்பது தெரிகிறது.

இடமின்மையைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. அது நம் உள்ளத்தின் தயக்கம். பீடத்தில் வைத்துத் தூபமிடும் நூலில் நம் பேனாவை வைக்கலாமா? இறைவார்த்தைக்கு அருகில் நம் வார்த்தைக்கு என்ன வேலை? இத்தயக்கத்தில் மதிப்பும் அன்பும் கலந்திருப்பதால் இதை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும், திருநூலின் ஓரங்களுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் தயக்கம் தெளியும். எழுதுவோர்க்குத் தேவையான எச்சரிக்கையும் கிட்டும்.

இவ்வரலாற்றின் முதல் ஏடுகளுள் சிலவற்றை யூத மறைநூல் அறிஞரின் படிகளில் காண்கிறோம். மசோரெத்தியர் என வழங்கப்பெறும் இவ்வறிஞர்கள் கலிலேயாவின் திபேரியா நகரில் சிறந்து விளங்கினர். எபிரேயத் திருநூலின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற அவர்கள் துணியவில்லை. ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும் சொல் ஒன்றாகவும், வாசிக்கவேண்டிய சொல் வேறாகவும் இருந்தால், எழுதப்பட்டதை அப்படியே விட்டுவிட்டு, வாசிக்கவேண்டியதை ஓரத்தில் குறித்தனர். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பன போன்ற கணக்குகளையும் பக்கத்தின் இருபுறமும், மேலும் கீழும் நுண்ணிய எழுத்தில் பதித்தனர். 1008-ஆம் ஆண்டளவில் எழுதி முடிக்கப்பட்டு, இன்று ரஷ்யாவின் புனித பேதுருபுரத்தில் காக்கப்பெறும் படியில் இக்குறிப்புகளைக் காணலாம். ஓரம் அவர்களுக்கு வேலியாய் அமைந்தது. மூலத்தைத் திருத்துவதற்காக அன்று, காப்பதற்காகவே அவர்கள் ஓரத்தில் எழுதினர்.

கிறிஸ்தவர்களும் ஓரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் யூசேபியு, நான்கு நற்செய்திகளையும் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டு, ஒத்த பகுதிகளைப் பத்து அட்டவணைகளில் தொகுத்தார். ஓரத்தில் உள்ள எண்ணைக் கண்டு அட்டவணைக்குச் சென்றால், மத்தேயு கூறியதை லூக்கா எங்கே கூறுகிறார் என்று அறிந்துகொள்ளலாம். அதிகாரமும் வசன எண்ணும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, நற்செய்தியை நற்செய்தியோடு ஒப்பிட்டு வாசிக்கும் வழியை இந்த ஓர எண்கள் காட்டின.

ஆனால் ஓரத்தில் ஓர் ஆபத்தும் பதுங்கியிருந்தது. அதை முதலில் உணர்ந்து வருந்தியோருள் ஒருவர் புனித எரோணிமுஸ். கோத்து இனத்தைச் சார்ந்த சுன்னியா, பிரெத்தெலா என்னும் இருவர், திருப்பாடல்களின் இலத்தீன் மொழிபெயர்ப்புப் பற்றி அவரிடம் பல ஐயங்களை எழுப்பியிருந்தனர். அவர்களுக்கு எழுதிய நீண்ட மடலில், தாம் வாசகரின் பயனுக்காக ஓரத்தில் எழுதிவைத்த ஒரு குறிப்பை, படியெடுத்தவர் யாரோ துணிச்சலுடன் மூலத்திற்குள்ளேயே சேர்த்து எழுதிவிட்டதாக அவர் வியப்பும் வருத்தமும் தெரிவிக்கிறார். கற்பதற்காகப் பக்கத்தில் எழுதியது பக்கத்திலேயே நிற்கவேண்டும், உடலுக்குள் புகலாகாது என்பது அவர் தந்த அறிவுரை. தமிழில் நாம் இடைச்செருகல் என்று சொல்கிறோமே, அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு, குறிப்பெழுதியவரே தரும் அரிய சான்று இது.

இத்தகைய நுழைவு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்குப் புனித யோவானின் முதல் மடலின் ஐந்தாம் அதிகாரம் எடுத்துக்காட்டு. ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்றும் சான்று பகர்கின்றன என்று கூறும் இடத்தில், விண்ணகத்தில் தந்தை, வார்த்தை, தூய ஆவி ஆகிய மூவர் சான்று பகர்வதாக ஒரு தொடர் இலத்தீன் படிகளில் இடம்பெற்றது. பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லை. மூவொரு கடவுளைப் பற்றிய விளக்கமாக ஓரத்தில் எழுதப்பட்டது பின்னர் உள்ளே புகுந்திருக்கவேண்டும் என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. எராஸ்முஸ் 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் 1522-இல் சேர்த்தார். 1979-இல் திருச்சபை வெளியிட்ட புதிய வுல்காத்தாவில் அத்தொடர் இல்லை. மூவொரு கடவுள் மீது நாம் கொண்டுள்ள நம்பிக்கை இதனால் சிறிதும் குறையவில்லை. அது ஓர் ஓரக் குறிப்பை நம்பி நிற்பதன்று. உண்மையான கருத்தேயாயினும், அதற்குரிய இடம் எது என்பது முக்கியம் என்ற பாடத்தை நாம் கற்கிறோம்.

இடைக்காலத்தில் ஓரம் உச்ச நிலையை அடைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லாவோன் நகர்ப் பள்ளியில் ஆன்செல்மும் அவர்தம் துணைவரும் தொகுக்கத் தொடங்கிய விளக்கத் திரட்டு, குளோசா ஓர்தினாரியா எனப் பெயர் பெற்றது. பக்கத்தின் நடுவே பெரிய எழுத்தில் இறைவார்த்தை நிற்கும். அதன் இருபுறமும் புனித அகுஸ்தீன், புனித எரோணிமுஸ், புனித கிரகோரியார் முதலிய தந்தையரின் விளக்கங்கள் சூழ்ந்து நிற்கும். வரிகளுக்கிடையிலும் சிறு குறிப்புகள் இருக்கும். மூலமும் உரையும் சேர்த்துக் கற்றுப் பழகிய தமிழர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. அப்பக்கத்தைத் திறப்பவர் தனித்து வாசிப்பதில்லை. திருச்சபை முழுவதும் அவரைச் சுற்றி அமர்ந்து வாசிக்கிறது. நான்காம் உர்பான் திருத்தந்தையின் விருப்பப்படி, நான்கு நற்செய்திகளுக்கும் தந்தையரின் உரைகளைக் கோத்துப் 'பொற்சங்கிலி' என்னும் நூலைப் புனித தோமா அக்குவினாஸ் யாத்ததும் இந்த மரபில்தான்.

ஆனால் அத்தகைய விவிலியம் பல தொகுதிகளாக விரிந்தது. ஊர் ஊராய் நடந்து மறையுரையாற்றிய தொமினிக்கு, பிரான்சிஸ்கு சபைத் துறவியர் அதைச் சுமக்க இயலவில்லை. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெல்லிய தோலில், பொடி எழுத்தில், ஒரே தொகுதியாக விவிலியங்கள் பெருகின. அவற்றில் ஓரம் சுருங்கிற்று. கையடக்கம் வேண்டுமா, குறிப்பெழுத இடம் வேண்டுமா என்று இன்று கடையில் நாம் எதிர்கொள்ளும் கேள்வி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது!

அச்சுக்கலை வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் திருநூலின் ஓரம் போர்க்களமாயிற்று. 1560-இல் ஜெனீவாவில் ஆங்கிலேயச் சீர்திருத்தக்காரர் வெளியிட்ட விவிலியத்தின் ஓரங்கள் அவர்தம் கொள்கை விளக்கங்களால் நிறைந்திருந்தன. நாடுகடந்து வாழ்ந்த ஆங்கிலேயக் கத்தோலிக்கர் 1582-இல் ரீம்சு நகரில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டனர். கிரகோரி மார்ட்டின் மொழிபெயர்த்த அந்நூல் விரிவான மறுப்புக் குறிப்புகளைத் தாங்கி வந்தது. 1589-இல் வில்லியம் ஃபுல்க் அந்நூலை முழுவதும் எடுத்து அச்சிட்டு, குறிப்புக்குக் குறிப்பு மறுப்பெழுதினார். இறைவார்த்தை நடுவில் நிற்க, மனிதர் இருபுறமும் நின்று போரிட்டனர்.

அரசரும் இதில் தலையிட்டார். 1604-இல் ஹாம்ப்டன் அரண்மனையில் நடந்த மாநாட்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஜெனீவாக் குறிப்புகளை வன்மையாகக் கண்டித்தார். பார்வோனின் ஆணையை எபிரேய மருத்துவப் பெண்கள் மீறியது முறையே என்று விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு குறிப்பு கூறிற்று. ஆசா மன்னன் தன் அன்னையைப் பதவி நீக்கியதோடு நிறுத்தியது குறையே என்று குறிப்பேடு இரண்டாம் நூலில் மற்றொரு குறிப்பு கூறிற்று. தம் தாய் மேரி அரசியை 1587-இல் கொலைமேடையில் இழந்தவர் அம்மன்னர். 1611-இல் வெளிவந்த அவரது விவிலியத்தில், சொற்பொருள் விளக்கமும் ஒப்பு வசனங்களும் தவிர வேறு குறிப்பு எதுவும் இருக்கலாகாது என்பது விதியாயிற்று.

நம் திருச்சபையோ வேறு வழியை மேற்கொண்டது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546-இல், ஒருவர் தம் மனம்போன போக்கில் மறைநூலுக்குப் பொருள் கொள்ளலாகாது என்று எச்சரித்தது. 1757-இல், பதினான்காம் பெனடிக்டு திருத்தந்தையின் காலத்தில், தந்தையரின் நூல்களிலிருந்து எடுத்த குறிப்புகளுடன் வெளிவரும் தாய்மொழி விவிலியங்களுக்கு இசைவு அளிக்கப்பட்டது. அதாவது, ஓரத்தில் திருச்சபையின் குரல் ஒலித்தால் பொதுநிலையினர் அச்சமின்றி வாசிக்கலாம் என்பதாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கிறிஸ்துவை நம்புவோர் அனைவருக்கும் மறைநூலின் கதவை அகலத் திறந்தது. ஆயினும் தேவையான, போதுமான விளக்கங்கள் உடனிருக்கவேண்டும் என்பதை அது விட்டுவிடவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதையே வலியுறுத்துகிறது. 1995-இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் இம்மரபில் வந்தவையே.

திருச்சபையின் குறிப்பு அங்கிருக்க, நம் குறிப்புக்கும் இடமுண்டா? இரண்டு எளிய வாசகரைப் பார்ப்போம். இருவரும் பிரிந்த சகோதரர்கள். இசைமேதை செபஸ்தியான் பாக் தம்மிடமிருந்த மூன்று தொகுதி விவிலியத்தில் 1733 என்று ஆண்டிட்டுத் தம் பெயரைப் பொறித்திருந்தார். அச்சில் விடுபட்ட சொற்களை எழுதிச் சேர்த்தார். கோவிலில் இசை எழும்பியபோது மேகம் இல்லத்தை நிரப்பியதாகக் கூறும் இடத்தில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் இறைவன் தம் அருளோடு உடனிருக்கிறார் என்னும் கருத்தை ஓரத்தில் எழுதினார். ஆலயத்தில் நாள்தோறும் உழைத்த ஒரு பணியாளர், தம் உழைப்பின் பொருளை இறைவார்த்தையில் கண்டுகொண்ட பொழுது அது. அமெரிக்காவின் ஜானத்தன் எட்வர்ட்ஸ் என்னும் போதகரிடம் இருந்த விவிலியத்தில் அச்சிட்ட ஏடுகளுக்கிடையே வெற்றுத்தாள்கள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. 1730 முதல் 1758-இல் இறக்கும்வரை அவற்றில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட குறிப்புகளை அவர் எழுதினார். இவ்விருவரும் எவரோடும் போரிட அவ்வோரங்களில் எழுதவில்லை; கேட்டதற்கு மறுமொழி கூறவே எழுதினர்.

இவ்வரலாற்றின் ஒளியில், குறிப்பெழுத ஒரு விவிலியத்தை எவ்வாறு தெரிந்துகொள்வது? முதலில், அது முழு விவிலியமா என்று பார்ப்போம். அகல ஓரமுடைய ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் தோபித்து, மக்கபேயர் முதலிய இணைத்திருமுறை நூல்கள் ஏழும் இரா. ஆயரின் இசைவு பெற்ற பதிப்பா என்பதும் முதற்பக்கங்களில் தெரியும். அடுத்து ஓரம்: வெளிப்புறத்தில் இரண்டு விரலகலமேனும் வேண்டும். உட்புறம் எழுத்துகள் தையலுக்குள் புதையாதிருக்கவேண்டும். பிறகு தாள். 1875-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் இந்தியத் தாள் எனப்படும் மெல்லிய, உறுதியான தாளில் விவிலியம் அச்சிட்டது முதல் நூலின் கனம் குறைந்தது. ஆனால் மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து நிழலாடும், மை ஊறும். ஒரு தாளைத் தனியே தூக்கி ஒளிக்கெதிரே பிடித்தால் அது தெரிந்துவிடும். பசையிட்டு ஒட்டியதைவிட நூலால் தைத்த கட்டு நீண்ட நாள் உழைக்கும். விரித்தால் தட்டையாய் நிற்கும். எழுதுவதற்குப் பென்சிலே நல்லது. அது தாளைத் துளைக்காது. நம் கருத்து முதிரும்போது அழித்துத் திருத்தவும் இடம் தரும். ஏற்ற பதிப்பு கிடைக்காவிடில், எட்வர்ட்ஸ் வழியில் புத்தகம் கட்டுபவரிடம் கொடுத்து இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்துத் தைக்கலாம். அல்லது அதிகாரமும் வசனமும் குறித்து ஒரு தனி ஏட்டில் எழுதி வரலாம்.

எழுதும்போது புனித எரோணிமுஸின் எச்சரிக்கையை மறவாதிருப்போம். நம் கருத்து நம் கருத்தே. அது நடுவிடத்திற்குப் போட்டியிடலாகாது. படியெடுப்போர் இன்று இல்லை. ஆயினும் நாம் விரும்பும் பொருளை வசனத்திற்குள் திணித்து, பின்னர் அதையே இறைவன் சொன்னதாக நம்பும் இடைச்செருகல் நம் உள்ளத்திலேயே நிகழக்கூடும். ஜெனீவாவும் ரீம்சும் தரும் எச்சரிக்கையும் நினைவில் நிற்கட்டும். அயலாரைத் தாக்க எழுதிய குறிப்பு, நாளை அதை வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கும்?

ஓரத்தின் வெண்மை வீணான வெறுமை அன்று. இறைவன் பேசியபின், நம் மறுமொழிக்காக விட்டுவைத்த இடைவெளி அது. நடுவில் உள்ள எழுத்து தலைமுறைதோறும் மாறாதிருக்கும். அதன் அருகே ஒரு தாயின் கையெழுத்தில், மகன் நோயுற்ற நாளின் தேதியும், அன்று அவருக்கு ஆறுதல் தந்த திருப்பாடல் வரியின் கீழ் மெல்லிய கோடும் இருக்குமாயின், பிற்காலத்தில் அந்நூலைத் திறக்கும் பேரப்பிள்ளைகள், இவ்வார்த்தை தங்கள் இல்லத்தில் வாழ்ந்தது என்று அறிந்துகொள்வார்கள். அவர்கள் எழுதவும் சிறிது இடம் விட்டுவைப்போம்.