கிண்ணியா – திருகோணமலை: தூரமும் பயண நேரமும்

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் சந்திக்கும் நீர்வாயின் தென்கரையில் இருக்கிறது கிண்ணியா. இங்கிருந்து திருகோணமலை நகரம் வான்வழியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சீனக்குடா வழியாகச் செல்லும் ஏ-15 வீதியில் ஏறத்தாழ 20. கொழும்பு–திருகோணமலை இடையே வான்வழித் தூரம் சுமார் 235, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே வீதித் தூரம் சுமார் 260. கொழும்புக்குப் போகிற நெடும்பாதை பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. பக்கத்து நகரத்துக்குப் போகிற பாதையோ இருமடங்காகிறது. இதற்கு மலையோ காடோ காரணமல்ல, தண்ணீர்தான். ஆகவே கிண்ணியாவின் பயண நேரத்தைக் கிலோமீட்டரை வைத்துக் கணிக்க முடியாது; வழியில் எத்தனை நீர்நிலைகள் உள்ளன, அவற்றை எப்படிக் கடக்கிறோம் என்பதை வைத்தே கணிக்க வேண்டும்.

இதற்குக் கிண்ணியாப் பாலமே சான்று. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டு 2009 ஒக்டோபர் 20இல் திறக்கப்பட்ட இது 396 மீட்டர் நீளம். அதற்கு முன் பஸ்ஸும் லொறியும் துறையடியில் வரிசையில் நின்று, படகுப் பாதை மறுகரையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். காற்றும் மழையும் கடுத்தால் காத்திருப்பு நீளும், அவசர நோயாளிக்கும் அதே வரிசைதான். இன்று அதே நீரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். இத்தனைக்கும் பாலம் வீதித் தூரத்தைச் சொல்லும்படியாகக் குறைக்கவில்லை. தூரப் பட்டியலில் எண் ஏறக்குறைய அப்படியே இருக்க, நேரம் மட்டும் தலைகீழாக மாறியது. நேர்கோட்டுத் தூரமாவது என்றும் மாறாததல்லவா, அதை நம்பலாமே என்று கேட்கலாம். விமானிக்கு அது பொருந்தும். ஆனால் சிறு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பிலிருந்து சீனக்குடாவில் இறங்குபவரும், ஓடுபாதை வடகரையில் இருப்பதால், கிண்ணியாவுக்குப் பாலமேறித்தான் வரவேண்டும்.

பாலம் வந்தபின் இது பழங்கதைதானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறந்தபின், திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் சுமார் 130 கிலோமீட்டரில் போக முடிகிறது. ஹபரணை, பொலன்னறுவை வழியே சுற்றினால் 200ஐத் தாண்டும். இவ்வளவும் உண்மை. ஆயினும் கிண்ணியாவுக்குள்ளேயே குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்துக்கான வேலையால் பழைய பாலம் இல்லாமற்போக, மக்கள் மீண்டும் மிதவையை நம்ப நேர்ந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து, பள்ளி மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தனர். எந்தத் தூரப் பட்டியலிலும் இடம்பெறாத அளவுக்குச் சிறிய நீர்ப்பரப்பு அது.