கங்காணியும் சுவரில் ஒட்டிய தாளும்

எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்கு மேலே, பிளாஸ்டிக் உறையிட்ட தாளொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. வேலைத்தள வன்முறை, தொந்தரவு ஆகியவை பற்றிய நிர்வாகத்தின் கொள்கை. ஐந்து பேருக்கு மேல் வேலைசெய்யும் இடங்களில் அதை எழுதித் தொழிலாளர் காணக்கூடியபடி வைக்கவேண்டுமென்பது ஒன்ராறியோச் சட்டம். கறி சூடாகும் இரண்டு நிமிடத்தில் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். வேறு எவரும் வாசித்து நான் கண்டதில்லை.

இந்தத் தாளுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 1999 ஏப்ரல் 6ஆம் திகதி, ஒட்டாவாவின் ஓசி ட்ரான்ஸ்போ பேருந்துப் பணிமனையில் முன்னாள் ஊழியர் ஒருவர் நால்வரைச் சுட்டுக்கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவருக்குத் திக்குவாய். சக தொழிலாளர் அதை வைத்துக் கேலிசெய்துவந்தமை மரண விசாரணையில் வெளிவந்தது. கேலி கொலையை நியாயப்படுத்தாதுதான். ஆயினும் 2000இல் யூரிகள், கிண்டலும் அவமதிப்பும் கூட வன்முறை என்ற வரையறைக்குள் வரவேண்டுமென்று பரிந்துரைத்தனர். 2005 நவம்பர் 12இல் வின்சர் நகரின் ஹோட்டல் டியூ கிரேஸ் வைத்தியசாலையில் லோரி டூபோன் என்ற தாதி, அங்கேயே வேலைசெய்த மருத்துவரான முன்னாள் துணைவரால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த மருத்துவரின் நடத்தை பற்றித் தாதியர் முறையிட்டிருந்தும் அவர் தொடர்ந்து வேலைசெய்ய அனுமதிக்கப்பட்டிருந்தார். மசோதா 168 சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2010 ஜூன் 15இல்தான். வீட்டிலுள்ள வன்முறை வேலைத்தளத்துக்குள் நுழையக்கூடுமென்று அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்கவேண்டியவராக இருந்தால், முதலாளி பாதுகாப்பு ஏற்பாடு செய்தாகவேண்டும். தன்மீது வன்முறை நிகழக்கூடுமென நம்பக் காரணமிருந்தால் தொழிலாளி வேலைசெய்ய மறுக்கலாம். வெறும் தொந்தரவென்றால் மறுக்கமுடியாது, முறையிடத்தான் முடியும். ஒட்டாவாவின் பாடத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

‘மறுக்கலாம்’ என்ற சொல்லில் நான் எப்போதும் தரித்து நிற்பேன். இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப்போவது தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அந்தச் சட்டத்தைவிட வலிய கயிறு ஒன்றும் தோட்டத்தில் இருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் முற்பணம் கொடுத்து அழைத்துவந்தான். வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசும் பெற்றான். கடன்தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாறமுடியாது. அந்தத் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது 1921இல். கங்காணியின் பிரம்பு வெள்ளைத்துரையின் பிரம்பல்ல, மாமனின் பிரம்பு. யாரிடம் போய் முறையிடுவது? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு இறந்த கோவிந்தனை வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. அன்றாடம் விழுந்த அடி எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவற்றை நான் ஆண்டாண்டாக விரிவுரையாகச் சொன்னவன். யாழ்ப்பாணத்து மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். கங்காணி என்பவன் மலையகத்துக்குரிய ஒரு பிராணி என்ற பாவனை அவர்களிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது.

மூன்று மாரிக்கு முன் நடந்தது. எமது இரவு ஷிப்ற்றின் லீட் ஹாண்ட் தமிழர். எங்களில் அரைவாசிப்பேரை ஏஜென்சிக்குச் சொல்லி வேலைக்கு எடுத்தவர் அவரே. தலைக்காசு வாங்குவதில்லை. ஆனால் அவருடைய வானில்தான் வரவேண்டும், கிழமைக்கிழமை வான்காசு கொடுக்கவேண்டும். ஒருநாள் பெட்டியொன்று விழுந்து உடைந்ததற்காக, அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத ஒரு பெடியனைத் தூஷணத்தால் ஏசி, பெட்டி அடுக்கோடு சேர்த்துத் தள்ளினார். முழங்கை கிழிந்தது. இடைவேளையில் அவன் என்னிடம் வந்தான்.

“சேர், நீங்கள் ஒருக்கால் இங்கிலீசிலை எழுதித் தருவியளோ?”

“பொறு தம்பி, நான் அண்ணையோடை கதைச்சுப் பாக்கிறன்.”

கதைத்தேன். அண்ணை சிரித்தார். “பெடியள் எண்டால் ரெண்டு தட்டுத் தட்டத்தானே வேணும் சேர்.” அடுத்த கிழமை ஏஜென்சிப் பட்டியலில் பெடியனின் பெயர் இல்லை. முறையிட்டவரைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் முறைப்பாடென்று எழுத்தில் எதுவுமே இருக்கவில்லை. எழுதியிருக்கவேண்டியவன் நான்.

ஏன் எழுதவில்லையென்று என்னை நானே விசாரித்துப் பார்த்தேன். நிர்வாகத்துக்குப் பயந்தல்ல. ‘எங்கடை ஆளை வெள்ளையனிட்டைக் காட்டிக்குடுத்தவன்’ என்ற பெயருக்கே பயந்தேன். இந்தச் சஞ்சிகையில் அரசுகளின் வன்முறை பற்றியும் இயக்கங்களின் வன்முறை பற்றியும் நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். ஸ்காபரோவிலிருந்து விடியற்காலை புறப்படும் வான்களுக்குள் என்ன நடக்கிறதென்று ஒருவரும் எழுதியதாக நினைவில்லை. வாசகர்களில் பலர் அந்த வான்களில் போகிறவர்கள்தான்.

பிறகு ஒருநாள் முறைப்பாட்டை எழுதினேன், இரண்டு பக்கம். அவனுடைய கையொப்பம் தேவைப்பட்டது. தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லையென்று குரல் சொன்னது. சாட்சி என்ற முறையில் என்னுடைய பெயரையே போட்டுக் கொடுத்தேன். விசாரணை என்று ஒன்று நடந்தது. லீட் ஹாண்டுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நான் இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன்.