199 நாட்கள்

2019 அக்டோபரில் வேலை விஷயமாகக் கீவ் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சும்மா கிடைத்தது. கூட வேலை பார்த்தவர்கள் தங்கக் கும்மட்டத் தேவாலயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். நான் ஒரு குட்டிக் கால்பந்து மைதானத்தைத் தேடிப் போனேன்.

பெயர் ஸ்டார்ட் மைதானம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒளிந்து கிடக்கிறது. டைனமோ கீவ் ஆடுகிற பெரிய ஸ்டேடியங்களோடு ஒப்பிட்டால் நம்ம ஊர் ஸ்கூல் கிரவுண்டு மாதிரிதான். நான் போனபோது பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். அந்த இடத்தின் அளவுக்குப் பொருந்தாத ஒரு நினைவுச்சின்னம் அங்கே நிற்கிறது: கட்டுமஸ்தான வீரன் ஒருவன் வேட்டைப் பறவையை வீழ்த்துகிறான். பறவை யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

1942 ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த கீவில், இங்கேதான் அந்த ஆட்டம் நடந்தது. அப்போது மைதானத்தின் பெயர் ஜெனித். ஒரு பக்கம் ஃப்ளாகெல்ஃப், அதாவது ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையின் அணி. இன்னொரு பக்கம் ஸ்டார்ட். போருக்கு முன் டைனமோவிலும் லோகோமோட்டிவிலும் ஆடியவர்கள், பிழைப்புக்காக ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து உருவான அணி. மூன்று நாள் முன்பு இதே ஜெர்மானியர்களை 5-1 என்று தோற்கடித்திருந்தார்கள். அன்றைக்கு 5-3.

சோவியத் காலம் சொன்ன கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். ஜெயித்தால் சாவு என்று மிரட்டினார்கள், வீரர்கள் ஜெயித்தார்கள், ஜெர்சியைக்கூடக் கழற்றவிடாமல் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். பெயர் ‘மரண ஆட்டம்’. புத்தகங்களாக வந்தது, 1962இல் சினிமாவாக வந்தது. 1981இல் மைதானத்துக்கே ஸ்டார்ட் என்று பெயர் மாற்றினார்கள். அதே வருடம்தான் ஹாலிவுட்டில் பெலேயும் ஸ்டாலோனும் நாஜி அணிக்கு எதிராக ஆடிய படமும் வந்தது.

புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் நாங்கள் முதலில் லாகைத் திறந்து நேரத்தைத்தான் பார்ப்போம். யார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கதையையும் அப்படித் திறந்து பார்த்தால் ஆகஸ்ட் 16 என்று ஒரு வரி இருக்கிறது: ஸ்டார்ட், ருக் என்ற உள்ளூர் அணியை 8-0 என்று தோற்கடிக்கிறது. ஒன்பதாம் தேதி செத்துப்போனவர்கள் பதினாறாம் தேதி எட்டு கோல் போட முடியாது.

கைது ஆகஸ்ட் 18 அன்று தொடங்குகிறது. டைனமோ சோவியத் உள்துறைப் போலீஸின் விளையாட்டுக் கழகம். அதில் ஆடியவர்கள் மேல் கெஸ்டபோவுக்குச் சந்தேகம் வர அதுவே போதும். மிகோலா கொரோட்கிக் சித்திரவதையில் இறந்தார். மற்றவர்கள் சிரெட்ஸ் முகாமுக்குப் போனார்கள். பாபின் யார் பள்ளத்தாக்கை ஒட்டிய முகாம் அது. முந்தின வருடம் செப்டம்பரில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கு. கோல்கீப்பர் ட்ருசேவிச், குஸ்மென்கோ, கிளிமென்கோ மூவரும் 1943 பிப்ரவரி 24 அன்று முகாமில் சுடப்பட்டார்கள்.

அந்த ஆட்டத்துக்கும் அந்தத் தோட்டாக்களுக்கும் நடுவே 199 நாட்கள். ஜெயித்ததற்காகவே கொன்றார்கள் என்று நிரூபிக்க ஆதாரம் இல்லை. ஹாம்பர்க் அரசு வழக்கறிஞர்களும் 2005இல் விசாரணையை மூடிவிட்டார்கள்.

‘அப்போ எல்லாம் கட்டுக்கதைதானா?’ என்று கேட்டுவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொன்றது நிஜம். கதை செய்த தப்பு வேறு. சாவைச் சிலைக்கு வசதியாக அன்றைக்குச் சாயங்காலமே முடித்துவைத்ததில், அந்த 199 நாட்களை அது விழுங்கிவிட்டது. ரத்தக்கட்டும் பசியும், முகாமில் விடிந்த ஒவ்வொரு காலையும், நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பும் அதற்குள்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் விழுங்கியது: உயிர் பிழைத்தவர்களை. எதிரியோடு பந்தாடியவர்கள் என்ற சந்தேகம் சோவியத் ஆட்சி திரும்பியதும் அவர்கள் மேல் விழுந்தது. பதக்கம் கிடைக்க 1960கள் வரை காத்திருந்தார்கள். அதன் பிறகு அரசாங்கத்துக்குப் பிடித்த கதையைத்தான் அவர்களும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ஆடிய மக்கார் ஹொன்சாரென்கோ, சோவியத் யூனியன் உடைந்த பிறகு, தன் கடைசிக் காலத்தில்தான் ஒரு வானொலிப் பேட்டியில் மனசைத் திறந்தார். என் நண்பர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் என்பதற்காகச் சாகவில்லை, இரண்டு கொடுங்கோல் அரசுகளின் சண்டையில் லட்சக்கணக்கானவர்கள் செத்த மாதிரியே செத்தார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னார். ஐம்பது வருடம் கழித்து வந்த வாக்குமூலம். 1997இல் அவரும் போய்விட்டார்.

இருட்டத் தொடங்கியதும் பையன்கள் பந்துகளை ஒரு வலைப்பையில் போட்டுக் கட்டினார்கள். சிலையைக் கடந்துதான் போனார்கள், ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறதுதானே.

2022 பிப்ரவரி 24 அன்று காலையில் கீவ் மேல் குண்டு விழுந்த செய்தியைப் போனில் பார்த்தேன். தேதி எங்கேயோ இடித்தது. ட்ருசேவிச் சுடப்பட்ட அதே தேதி, 79 வருடம் கழித்து. இதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எழுதக் கை துறுதுறுத்தது. கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அழித்துவிட்டு, அந்தப் பையன்களுக்கு இப்போது என்ன வயசிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பதிமூன்று, பதினாலு, மிஞ்சிப்போனால் பதினைந்து.