அண்டர்கிரவுண்டுடன் புது வீடு: பிளான் போடும்போதே முடிவு செய்ய வேண்டியது என்ன?

செங்கல்பட்டு:
மனை விலை ஏறிப்போன காலத்தில், இருக்கிற இடத்திலேயே தரைக்கு கீழே ஒரு தளம் எடுத்தால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டி நிறுத்தலாம், தட்டுமுட்டு சாமான் போடலாம், பிள்ளைகள் படிக்க தனி ரூம் கிடைக்கும் என்பது அவர்கள் போடும் கணக்கு.

மேல் மாடியை பத்து வருஷம் கழித்துக்கூட கட்டிக்கொள்ளலாம். கீழ்த்தளத்தை அப்படி பிறகு சேர்க்க முடியாது. கடைக்கால் தோண்டும் முன்பே வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும். மழை வெள்ளத்தை பார்த்த ஊர்களில், மழைத் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் ரூம் கணக்கே போட வேண்டும்.

எது பேஸ்மட்டம்?

நம்ம ஊர் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று சொல்வது வேறு. பூமி மட்டத்தில் இருந்து வீட்டுத் தரை வரைக்கும் கட்டுமானம் எழுப்பி, உள்ளே கிராவல் நிரப்புகிறார்களே, அதுதான் அவர்களுக்கு பேஸ்மட்டம். என்ஜினீயர் பிளானில் பேஸ்மென்ட் என்று எழுதினால், அது தரைக்கு கீழே வரும் தளம்.

இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் ஒப்பந்தம் எழுதும்போது "பேஸ்மட்டம் உயரம் இத்தனை அடி", "கீழ்த்தளம் இத்தனை அடி" என்று தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசினால், மண் தோண்டும் கூலி, மண்ணை ஏற்றி வெளியே கொண்டுபோகும் லாரி வாடகை, கீழ்த்தளத்தின் கான்கிரீட் சுவர் ஆகியவை அந்த ரேட்டில் சேர்ந்ததா, இல்லையா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் கிணற்றை பாருங்க

இந்தப் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு பருவமழைதான். சித்திரை வெயிலில் குழி தோண்டி பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று நம்பி விடக்கூடாது. அக்கம் பக்கத்து கிணற்றில் கார்த்திகை மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று கேட்க வேண்டும். 5 அடி, 6 அடியிலேயே தண்ணீர் நின்றால் கீழ்த்தள ஆசையை விட்டு விடலாம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர் பகுதியில் வீடுகளின் தரைத்தளமே மூழ்கியது. அப்படிப்பட்ட இடத்தில் தரைக்கு கீழே ரூம் எடுப்பது, தண்ணீருக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுப்பது போலத்தான்.

ரோடும் கவனிக்க வேண்டிய விஷயம். பழைய ரோட்டை சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகி விடும். மனை இப்போது ரோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே இருக்கிறது என்று மட்டம் பார்த்த பிறகுதான் பிளானையே தொட வேண்டும்.

மண்ணும் முக்கியம். களிமண், கரிசல் மண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். மண் பரிசோதனை செய்யாமல் கீழ்த்தளம் வேண்டவே வேண்டாம்.

எத்தனை அடி ஆழம்?

தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016-ன்படி கீழ்த்தளத்தின் உயரம் குறைந்தது 2.4 மீட்டர், அதாவது சுமார் 8 அடி இருக்க வேண்டும். அதன் மேற்கூரை சுற்றியுள்ள பூமி மட்டத்தில் இருந்து 0.9 மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை, அதாவது 3 முதல் 4 அடி மேலே தெரிய வேண்டும்.

முழுசாக புதைக்காமல் பாதி மேலே எடுப்பதற்கு காரணம் உண்டு. அந்த 3, 4 அடி சுவரில்தான் ஜன்னல் வைத்து வெளிச்சமும் காற்றும் எடுக்க முடியும். ஜன்னலின் அடிமட்டம் தெருவில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழ்த்தளக் கூரை 4 அடி மேலே வந்தால் வீட்டுத் தரை சுமார் நாலரை அடி உயரத்துக்கு போய்விடும். தலைவாசலுக்கு ஏற 7 அங்குல படியாக 8 படி வைக்க வேண்டும். வயசான அப்பா, அம்மா தினமும் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு சாய்தளம் போடலாம் என்றால், 1 அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் 54 அடி நீளம் தேவை. சின்ன மனையில் அதற்கு இடமே கிடையாது. வீட்டில் முடியாதவர்கள் இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகவே கீழ்த்தளத்தை தவிர்க்கலாம்.

30-க்கு 40 மனையில் ஒரு கணக்கு

30 அடிக்கு 40 அடி மனை என்றால் 1,200 சதுர அடி, சுமார் 2 முக்கால் சென்ட். சுற்றிலும் விட வேண்டிய இடம் ரோட்டின் அகலத்தையும் கட்டிடத்தையும் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு 22-க்கு 30 அடி, 660 சதுர அடியில் வீடு என்று வைத்துக்கொள்வோம்.

ஹால் 12-க்கு 14. பெட்ரூம் 10-க்கு 11. சமையல் ரூம் 8-க்கு 10. பாத்ரூம், டாய்லெட் சேர்த்து 4-க்கு 8. மாடிப்படி 7-க்கு 11. எல்லாம் சேர்ந்து 467 சதுர அடி. மீதி 193 சதுர அடி சுவர், சிட் அவுட், நடை என்று போய்விடும்.

இதில் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது மாடிப்படிக்குத்தான். 10 அடி உயர தளத்துக்கு கான்கிரீட் கனமும் சேர்த்தால் 7 அங்குல படியாக 18 படி வரும். ஒரு பக்கம் ஏறி, திரும்பி மறுபக்கம் ஏறும்படி கட்டினால் 7-க்கு 11 அடி பிடிக்கும். கீழ்த்தளத்துக்கும் அதே இடத்திலேயே படி இறங்கினால் இடம் மிச்சம். படி முன்பக்கம் இருந்தால் பிற்பாடு மாடியை வாடகைக்கு விடவும் வசதி.

விதித்தொகுப்பின்படி குடியிருக்கும் ரூம் குறைந்தது 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 8 அடிக்கு குறையக்கூடாது. சமையல் ரூம் 5 சதுர மீட்டர். வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலையில் அடுப்படி, கன்னி மூலையில் பெட்ரூம் என்பதை பென்சில் பிளானிலேயே சொல்லிவிட வேண்டும். சுவர் எழுந்த பிறகு மாற்றினால் காசுக்கு கேடு.

கீழே எது வரக்கூடாது?

கீழ்த்தளத்தை படுக்கும் இடமாக்கக்கூடாது. 2024-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் மழை வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்து போனார்கள். வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும் அனுமதி வாங்கிய இடத்தில் நூலகம் நடந்து வந்தது.

தண்ணீரின் பலம் சாதாரணமானது இல்லை. 3 அடி அகலக் கதவுக்கு வெளியே 3 அடி தண்ணீர் நின்றால், அது சுமார் 380 கிலோ பாரம் தள்ளுவதற்கு சமம். உள்ளே இருப்பவர் ஒற்றை ஆளாக கதவை தள்ளி திறக்க முடியாது. அதனால் படி தவிர, ஆள் ஏறி வெளியே வரும் அளவுக்கு ஒரு ஜன்னலாவது கம்பி போடாமல், உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும்.

கியாஸ் சிலிண்டரை கீழே வைக்கவே கூடாது. சமையல் கியாஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் வெளியேறாமல் பள்ளத்திலேயே தேங்கும். ஒரு சின்ன பொறி போதும். ஜெனரேட்டர் ஓட்டினால் புகையில் விஷவாயு சேரும். கரண்ட் மெயின் போர்டு, இன்வெர்ட்டர் இரண்டையும் மேலே வைக்க வேண்டும்.

டாய்லெட்டும் கீழே வேண்டாம். செப்டிக் டேங்க் மட்டம் மேலே இருப்பதால் கழிவு தானாக ஓடாது. மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். அது நின்றால் கழிவு வீட்டுக்குள்ளேயே ஏறும்.

சுவரும் பள்ளமும்

மண்ணை தாங்கும் சுவர் கம்பி கட்டிய கான்கிரீட்டாக இருக்க வேண்டும். செங்கல் சுவர் அந்த தள்ளுதலை தாங்காது. தண்ணீர் புகாத பூச்சை மண் மூடும் முன்பே வெளிப்பக்கம் பூச வேண்டும். பிறகு உள்பக்கம் எத்தனை முறை பூசினாலும் கசிவு முழுசாக நிற்காது. தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு குழியையும், சம்பையும் கீழ்த்தள சுவரில் இருந்து தள்ளி வைக்க வேண்டும். வண்டி இறங்கும் வாசலில் ரோட்டைவிட உயரமாக ஒரு மேடு அவசியம்.

தோண்டும் வேலையை மழைக்காலத்தில் தொடங்கக்கூடாது. 2023 டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயல் மழையில் சென்னை வேளச்சேரி அருகே கட்டுமானப் பள்ளம் சரிந்து 2 பேர் பலியானார்கள். வீட்டுப் பள்ளம் சின்னதுதான் என்றாலும் பக்கத்து வீட்டு கடைக்கால் அருகே தோண்டினால் அந்த சுவர் இறங்கும். தை மாதம் தொடங்கி ஆடிக்குள் தரைக்கு மேலே வந்துவிட வேண்டும்.

அனுமதி எப்படி?

2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. அது தரைத்தளம், முதல் தளம் கொண்ட வீட்டுக்கானது. கீழ்த்தளம் சேர்ப்பவர்கள் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ன்படி என்ன அனுமதி என்று ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் விசாரித்து, பதிவு பெற்ற என்ஜினீயர் மூலம் பிளான் கொடுக்க வேண்டும்.

குன்னூர், ஏற்காடு போல சரிவான மனையில், விதி இடம் கொடுத்தால், கீழ்த்தளம் லாபம்தான். பின்பக்கம் தானாகவே தரை மட்டத்தில் திறக்கும், தண்ணீர் வடியும். சமதளத்தில், அதுவும் ஏரி, கால்வாய் ஓரத்தில், அதே பணத்தில் பேஸ்மட்டத்தை உயர்த்தி மாடியில் ஒரு ரூம் கூடுதலாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

பிளான் கையில் வந்ததும் கையெழுத்து போடும் முன் மனையில் சுண்ணாம்புத்தூளால் ரூம்களை கோடு போட்டு, கட்டில், பீரோ, அடுப்பு வரும் இடத்தையும் குறித்து குடும்பத்தோடு ஒரு முறை நடந்து பார்க்கலாம். தாளில் தெரியாத நெருக்கம் காலில் தெரியும். மாற்ற வேண்டியதை அன்றைக்கே என்ஜினீயரிடம் சொல்லிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்கும் செலவுதான்.