கையடக்க ஒளிப்பதிவுக் கருவி: அறிதலும் தேர்தலும் துய்த்தலும்

ஓடும் காலத்தை ஒரு கணமேனும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை மாந்தனுக்குத் தொன்றுதொட்டு உண்டு. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டான். அரசனின் கொடையைச் செப்பேட்டில் பொறித்தான். புலவனின் பாட்டைப் பனையோலையில் எழுதினான். ஆயினும், வீரனின் நடையையோ புலவனின் குரலையோ கல்லும் ஓலையும் காக்கவில்லை. அசைவைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மாந்தனுக்குக் கிட்டி ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகின்றன. அவ்வாற்றல் செல்வர் கையிலிருந்து எளியோர் கைக்கு வந்த வரலாற்றையும், அவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்தும் கடமையையும் இக்கட்டுரையில் காண்போம்.

அறிதல்

1895 டிசம்பர் 28ஆம் நாள், பாரிசு மாநகரில் லூமியே உடன்பிறப்பினர் தாம் எடுத்த அசையும் படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டினர். அவர்தம் கருவி படம் எடுக்கும், படியெடுக்கும், திரையிலும் காட்டும். எனினும், இல்லத்தில் வைத்துப் பயன்படுத்தத் தக்க எளிய கருவி வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. கோடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் படச்சுருளையும், 1932இல் 8 மில்லிமீட்டர் படச்சுருளையும், 1965இல் ‘சூப்பர் 8’ என்னும் படச்சுருளையும் வெளியிட்டது. சூப்பர் 8 சுருளின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 படங்கள் வீதம் ஓட்டினால், மூன்று நிமிடம் இருபது நொடியில் அது தீர்ந்துவிடும். பின்னர் அதனை வேதிப்பொருளில் கழுவி எடுக்கும் வரை, பதிந்தது என்னவென்று அறிய இயலாது. தவறினால் தவறியதுதான்.

இவ்வளவு குறைபாடுடைய கருவியும் வரலாற்றுக்குச் சான்றாக நின்றதுண்டு. 1963 நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி டாலஸ் நகரில் சுடப்பட்ட காட்சியை, ஆபிரகாம் சப்ருடர் என்னும் ஆடை வணிகர் தம் 8 மில்லிமீட்டர் கருவியில் பதிந்தார். அஃது ஏறத்தாழ 26 நொடி மட்டுமே ஓடுவது. ஆயினும் அக்கொலையை ஆராய்வோர் இன்றும் அதனையே நாடுகின்றனர்.

படச்சுருளுக்கு மாற்றாக வந்தது காந்த நாடா. ஒலியைப் பதியும் நாடாவில் ஒளியையும் பதிய முயன்றவர்கள் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டனர். படத்தின் செய்தி ஒலியின் செய்தியைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலின் நாடாவை மிக விரைவாக ஓட்ட வேண்டியிருந்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் அம்பெக்ஸ் நிறுவனத்தார் வேறொரு வழி கண்டனர். நாடாவை மெதுவாக ஓடவிட்டு, பதியும் முனைகளை விரைந்து சுழலச் செய்தனர். 1956இல் வெளிவந்த அக்கருவி, தொலைக்காட்சி நிலையங்களே வாங்கத்தக்க விலையுடையதாய் இருந்தது.

1967இல் சோனி நிறுவனம், ஒருவர் சுமந்து செல்லத்தக்க பதிவுக் கருவியைக் கொணர்ந்தது. ஆயினும் படக்கருவி கையிலும், பதிவுக் கருவி தோளிலுமாக இரண்டும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கி இல்லத்தார்க்கென விற்கப்பட்ட முதற் கருவி, 1983இல் வந்த சோனியின் ‘பீட்டாமூவி’. அது பதிவு செய்யும். பதிந்ததைத் திரும்பக் காட்டாது! 1984இல் ஜே.வி.சி. நிறுவனம் சிறிய வி.எச்.எஸ். பேழையைக் கொண்ட கருவியை வெளியிட்டது. 1985இல் சோனியின் ‘வீடியோ 8’ வந்தது. 1989இல் வந்த சோனியின் ஒரு கருவி வெறும் 790 கிராம் எடையே உடையது. கருவி சிறுத்தது, அதன் பயனோ பெருத்தது. 1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர்கள் தாக்கியதை, ஜார்ஜ் ஹாலிடே என்பவர் தம் இல்லத்து மேன்மாடத்திலிருந்து பதிந்தார். எளிய குடிமகன் ஒருவன் கைக்கருவி உலகையே அக்கொடுமையைக் காண வைத்தது.

இனி, மின்னிலக்கக் காலம். இதற்கு வித்திட்டது, 1969இல் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் சுமித்தும் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த சி.சி.டி. என்னும் ஒளி உணரி. அதன்பொருட்டு அவ்விருவரும் 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். உணரி ஒளியை மின்னூட்டமாக மாற்றும். அம்மின்னூட்டத்தை அளந்து 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எழுதிவிடலாம். 1995இல் வெளிவந்த ‘டிஜிட்டல் வீடியோ’ முறை, நொடிக்கு இரண்டரைக் கோடி இலக்கங்கள் வீதம் படத்தைச் சிறு நாடாவில் பதிந்தது. ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட் அளவினது.

பழைய நாடாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். கரும்பலகையில் உள்ள ஓவியத்தை ஒருவர் பார்த்து வரைய, அதனைப் பார்த்து மற்றொருவர் வரைந்தால், பத்தாவது படியில் முகமே மாறிப்போகும். ஆனால் ஓர் எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால், பத்தாவது படியும் முதற்படியே ஆகும். மின்னிலக்க முறையின் பெருமை தெளிவு மட்டுமன்று. தேய்வின்றிப் படியெடுக்கும் தன்மையே அதன் தலையாய பெருமை.

தேர்தல்

2006இல் ஏ.வி.சி.எச்.டி. முறை வந்த பின்னர் நாடா மெல்ல மறைந்து, நினைவக அட்டை அவ்விடத்தைப் பெற்றது. பின்னர்க் கைப்பேசியே ஒளிப்பதிவுக் கருவியும் ஆயிற்று. எனினும், நெடுநேர நிகழ்ச்சியைத் தொலைவிலிருந்து பதிவதற்குத் தனிக்கருவியே ஏற்றது. எதனை வாங்கினும் நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று.

முதலாவது, வில்லை. காட்சியை வில்லையால் நெருக்கிக் காட்டுவது மெய்யான நெருக்கம். படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது பொய்யான நெருக்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் எண் எவ்வகையைச் சார்ந்தது எனக் கேட்க வேண்டும். இரண்டாவது, உணரியின் பரப்பு. முழு உயர்தெளிவுப் படத்தில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ‘4கே’ படத்தில் அதன் நான்கு மடங்கு. ஆனால் புள்ளிகள் பெருகிவிட்டால் மட்டும் போதாது. மங்கிய மண்டபத்தில் ஒளியைத் திரட்டப் பெரிய உணரியே உதவும். மூன்றாவது, ஒலி. புற ஒலிவாங்கியை இணைக்கும் துளை உண்டா எனக் காண்க. படம் தெளிவாயிருந்தும் பேச்சு மின்விசிறி இரைச்சலில் மூழ்கிப்போன பதிவுகள் எண்ணற்றவை. நான்காவது, பதிந்ததை வேறு கருவிகளிலும் திறந்து பார்க்க இயலுமா என்பது. இந்நான்காம் வினாவின் அருமையை யான் பட்டே அறிந்தேன்.

1996ஆம் ஆண்டு. யான் இளம் ஆசிரியனாய்த் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலம். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டிருந்தது. பள்ளியின் இறுதி விளையாட்டுப் போட்டியை இரவல் பெற்ற ‘வீடியோ 8’ கருவியில் பதிந்தேன். அன்று, பால்மரம் சீவியே மூப்பெய்திய மூதாட்டி ஒருவர் பிரட்டுக் களத்தைச் சுட்டிக்காட்டி, சயாம் ரயில்பாதை வேலைக்குத் தம் கணவர் அங்கிருந்துதான் கொண்டுசெல்லப்பட்டார் என்று கூறத் தொடங்கினார். அரைமணி நேரம் பேசினார். அனைத்தும் நாடாவில் பதிந்தது. அதனை இரும்புப் பேழையில் வைத்துப் பூட்டி, கடமை முடிந்ததென மகிழ்ந்தேன்.

பதினாறு ஆண்டுகள் கழித்து அவர்தம் பேரன் அதனைக் கேட்டு வந்தார். நாடாவை ஓட்டும் கருவியைத் தேடிப் பிடிப்பதற்கே பல திங்கள் ஆயின. ஈரக்காற்றில் நாடாவெங்கும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மீட்க முடிந்தது பதினொரு நிமிடமே. கணவரின் பெயரைக் கூறும் இடத்தில் குரல் அறுந்து, திரையில் வெண்கோடுகள் மட்டுமே ஓடின. மூதாட்டியோ அதற்கு முன்பே மறைந்துவிட்டார். பதிவு செய்தலே பாதுகாத்தல் என எண்ணியது என் பிழை.

துய்த்தல்

ஒளிப்பதிவின் இன்பம் கருவியை ஓயாது ஆட்டுவதில் இல்லை. ஒரு காட்சியைப் பத்து நொடியேனும் அசையாது பிடித்தல் வேண்டும். முதலில் இடத்தை அகலக் காட்டி, பின்னர் முகத்தை அணுகுதல் வேண்டும். பேசுவோரின் இசைவைப் பெற்று, இடையில் குறுக்கிடாது கேட்டல் வேண்டும். விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியின் வாழ்வை அரைமணி நேரம் பதிந்து வரட்டும். பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியட்டும். அதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் யாதுளது?

பதிந்தபின் படியெடுத்தல் இன்றியமையாதது. மூன்று படிகள் வேண்டும். அவை இரு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். பனையோலை அழியும் என்பதை நம் முன்னோர் அறிவர். எனவேதான் தலைமுறைதோறும் ஏடுகளைப் படியெடுத்தனர். அவ்வாறு எஞ்சிய ஏடுகளைத் தேடித் தொகுத்தே உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். படியெடுக்கப்படாத நூல்கள் பல, பெயரளவில் மட்டுமே இன்று நிற்கின்றன.

வி.எச்.எஸ். பதிவுக் கருவியைக் கடைசியாக உருவாக்கிவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. நம் பள்ளிகளின் பேழைகளிலும் இல்லங்களின் பரண்களிலும் பழைய ஒளிநாடாக்கள் இன்னும் உறங்குகின்றன. புதிய கருவி வாங்குமுன் அவற்றை எடுத்துப் பாருங்கள். ஓட்டும் கருவி கிட்டும்போதே மின்னிலக்கப் படியெடுத்து விடுங்கள். மூதாட்டி கூறிய அப்பெயரை யான் இழந்தேன். உங்கள் பேழையில் உள்ள பெயர்களேனும் எஞ்சட்டும்.