ஆட்டுக்குட்டியும் கைப்பிடி மாவும்

சரித்திரப் பாடத்தின்போது மாணவன் ஒருவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். "கோயிலுக்குப் பலி கொண்டுபோக வசதியில்லாத ஏழை என்ன செய்வான், ஐயா?" நல்ல கேள்வி. பழங்கால யூத மக்களின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

யூதர்களின் பேராலயம் எருசலேம் நகரில் இருந்தது. அங்கே நாள்தோறும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு ஆட்டுக்குட்டிகள் பலியிடப்பட்டன. மக்களும் மாடு, ஆடு, புறா ஆகியவற்றைக் கொண்டு வந்தனர். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகையால் இரத்தத்தை எவரும் உண்ணலாகாது. குருமார் அதனைப் பலிபீடத்தில் சேர்ப்பார்கள். சில பலிகள் முழுவதும் எரிக்கப்பட்டன. வேறு சில பலிகளின் இறைச்சியைக் கொண்டு வந்த குடும்பத்தாரும் உண்டனர்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். சில பிழைகளுக்குப் பெண் ஆடு ஒன்றைச் செலுத்த வேண்டும் என்கிறது லேவியராகமம். அதற்கு வசதி இல்லையா? இரண்டு புறாக்கள் போதும். அதற்கும் வழியில்லையா? ஏறக்குறைய இரண்டு லிட்டர் மாவு போதும். குருவானவர் அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பீடத்தில் எரிப்பார். ஆடு கொடுத்தவருக்குக் கிடைத்த அதே மன்னிப்பு மாவு கொடுத்தவருக்கும் கிடைத்தது.

தீட்டு என்பது வேறு. பாவம் என்பது வேறு. இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்வது கடமை. ஆயினும் பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டுடையவர். நுகம் பூட்டாத, பழுதற்ற சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவர்மீது தெளிப்பார்கள். பின்னர் அவர் நீராடித் தூய்மை பெறுவார்.

கி.பி. 70-ஆம் ஆண்டில் ரோமானியப் படை, தீத்து என்பவரின் தலைமையில், எருசலேமைப் பிடித்தது. ஆலயம் எரிந்து அழிந்தது. பீடம் போயிற்று, பலியும் நின்றது. ஒரு சமயத்தின் நடுத்தூணே சாய்ந்தது போன்ற நிலை அது.

இடிபாடுகளைக் கண்டு ஒரு சீடர் அழுதார். யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர் அவரைத் தேற்றி, பலிக்கு ஈடான பிராயச்சித்தம் நம்மிடம் உண்டு, அதுவே பிறருக்குச் செய்யும் அன்புச் செயல் என்று கூறியதாக யூத நூல்கள் சொல்கின்றன. அவர் யாவ்னே என்னும் ஊரில் கல்விக் கூடம் நடத்தினார். பலி நடந்த நேரங்களைக் காலைத் தொழுகையும் பிற்பகல் தொழுகையும் நினைவூட்டின. மழைநீரோ ஊற்றுநீரோ சேரும் 'மிக்வே' என்னும் குளத்தில் முழுகித் தூய்மை பெறும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

நேயர்களே, அந்த மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான். ஆடு இல்லாதவனுக்கு மாவு இருந்தது. ஆலயமே இல்லாமற்போன காலத்தில், அடுத்தவருக்குச் செய்யும் உதவி இருந்தது. ஏழை என்பதற்காக எவரையும் வாசலில் நிறுத்தவில்லை.